எதிர் வீட்டுக் கற்றாழை

குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று வாசலுக்கு வந்த கோமளம், இரண்டு விசில் போன பிறகும் அங்கேயே நின்றாள். மூன்றாவது மாடியில் மொத்தமே இரண்டு வீடு. கதவைத் திறந்தால் எதிர்க் கதவு, நடுவில் நாலடி வராந்தா, ஓரத்தில் லிஃப்ட். அந்த எதிர்க் கதவின் நிலைக்கு மேலே, ஆணியில், கறுப்புக் கயிற்றில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது சோற்றுக்கற்றாழை. வேர் மேலே, மடல் கீழே. மண் கிடையாது, தொட்டி கிடையாது, காற்றைக் குடித்துக்கொண்டு என்னமாய் மினுமினுக்கிறது பார். தலைகீழாகக் கட்டிப்போட்டாலும் அது சும்மா கிடக்கவில்லை, மடல் நுனியை எல்லாம் வளைத்து வளைத்து மறுபடி மேலே பார்க்க ஆரம்பித்துவிட்டது. அப்படித்தான் இருக்கணும். வரட்டும். இன்றைக்கு வரட்டும் அந்த இந்திராணி. வந்து நிமிர்ந்து பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் வீட்டுக்குள் காலை வைத்துவிட வேண்டும் என்று கோயம்புத்தூரிலிருந்து விடியும் முன்பே கார் கிளம்புகிறதாம், வாட்ச்மேன் சொன்னதாக நேற்றே வீட்டுக்காரர் வந்து சொல்லியிருந்தார். மகள் தர்ஷினியும் வருகிறாளாம். முப்பது நாள் குழந்தையும் வருகிறதாம். மணி ஒன்பது பத்து. நாற்பத்தொன்பது நாள் பொறுத்தாகிவிட்டது, இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்க முடியாதா என்று கோமளம் தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"மூணு விசில் போயாச்சு கோமு, பருப்பு களியாகுது" என்று உள்ளேயிருந்து சிதம்பரநாதன் குரல் கொடுத்தார். ஏன், அடுப்பை அணைத்தால் கை சுளுக்கிக்கொள்ளுமா இந்த மனுஷனுக்கு? முப்பத்தோரு வருஷமாக இதே பாட்டு. ஆனால் நல்ல மனுஷன், அதையும் சொல்லத்தான் வேண்டும், ஐந்து வெள்ளிக்கிழமையாக முணுமுணுத்துக்கொண்டாவது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இவர்தானே. "லிஃப்ட்ல எவனாவது வந்தான்னா உன்னைய அந்தரத்துல விட்டுட்டு ஓடிருவேன், சொல்லிட்டேன்" என்பார், ஆனால் ஓடியதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கை கழுவிவிட்டு, கண்ணாடி முன்னால் போய் நின்று பொட்டைச் சரிசெய்துகொண்டாள். முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும். கோபம் இருக்கவே கூடாது. வாயைத் திறந்து கத்தினால் தீர்ந்தது, நாலு மாடியும் எட்டிப்பார்த்து "பாத்தியா, வயித்தெரிச்சல்" என்று சொல்லிவிடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. சிரித்துக்கொண்டே, வாங்க வாங்க என்று சொல்லிக்கொண்டே, அப்புறம் அந்த ஒரு வார்த்தை. அதை எப்படி ஆரம்பிப்பது? "மேல பாரு இந்திராணி" என்று ஆரம்பிப்பதா, "உன் கத்தாழை என்னாச்சு தெரியுமா" என்று ஆரம்பிப்பதா? ராத்திரி எல்லாம் புரண்டு புரண்டு படுத்து ஒன்றை முடிவு செய்தாள், விடிந்ததும் அது சப்பென்று ஆகிவிட்டது. கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்தாள். சாதாரணக் கண்தான். இடது கண்ணில் போன வருஷம் புரை எடுத்தது. இதில் என்ன கொள்ளியை வைத்துவிட்டான் ஆண்டவன்?

எதிர் வீட்டுக் கண்ணு. அந்த வார்த்தை வந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் நின்றுவிடும், முள் குத்திய சேலை மாதிரி மனசு அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கும். பதினாறு வருஷப் பழக்கம். இந்திராணி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த தர்ஷினிக்குத் தலை பின்னிவிட்டது யார்? வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது யார்? அவள் வயசுக்கு வந்த அன்றைக்கு, அம்மா ஆபீசிலிருந்து வருவதற்குள், பயந்து அழுத பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? "பெரியம்மா, அம்மாகிட்ட நீயே சொல்லு" என்றாளே. அந்தப் பிள்ளைக்கு வளைகாப்பு, ஒன்பதாம் மாசம், கோயம்புத்தூரில் மண்டபம். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கினால், "அக்கா, நீங்க கடைசியா போடலாம், மொதல்ல சுமங்கலிங்க, புள்ளைகுட்டிக்காரங்க போடட்டும்" என்றாள் இந்திராணி. ஏன், இவள் என்ன தாலியறுத்தவளா? சரி போகட்டும் என்று ஓரமாக உட்கார்ந்தாள். கடைசியில் வளையல் தட்டில் உடைந்தது போக நாலுதான் மிச்சம். அதைப் போட்டுவிட்டு, பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, "பூசினாப்ல எம்புட்டு அழகா இருக்கா எம்புள்ள" என்று சொன்னாள். அதுதான் சொன்னது. அது ஒன்றுதான் சொன்னது. நாலாம் நாள் தர்ஷினிக்கு உதிரம் பட்டது. டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, இங்கே மதுரைக்குப் பிரயாணமும் கூடாது என்று சொல்லிவிட்டார். துணிமணி எடுத்துப்போக இந்திராணி மட்டும் வந்தாள். வந்த மறுநாள் காலை கோமளம் கோலமாவுக் கிண்ணத்தோடு கதவைத் திறந்தால், எதிரே, தன் வாசலுக்கு நேரே, கற்றாழை. அப்போதுகூடப் புரியவில்லை இந்த மண்டூகத்துக்கு. யார் வீட்டில்தான் கட்டவில்லை, படிகாரம், பூசணி, கற்றாழை, ஆளுக்கு ஒன்று. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று கட்டியிருக்கிறாள், நல்லதுதான் என்று நினைத்தாள். அன்று சாயங்காலம் லிஃப்டுக்கு நின்றுகொண்டு தங்கச்சிக்காரியிடம் போனில் இந்திராணி பேசியது கதவிடுக்கு வழியாக வந்து காதில் விழுந்தது. "வேற எங்கேருந்து பட்டிருக்கும்? எல்லாம் எதிர் வீட்டுக் கண்ணுதான். புள்ளையில்லாதவ பார்வை வயித்துப்புள்ளக்காரி மேல படலாமா? நான்தான் புத்தி இல்லாம வளைகாப்புக்குக் கூப்பிட்டேன்." கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்கக்கூட மறந்துபோய் எவ்வளவு நேரம் நின்றாளோ.

அழவில்லை. அழுதிருந்தால் அன்றைக்கே ஆறியிருக்கும். ஒரு வாரம் கழித்து இந்திராணி பூட்டைப் பூட்டிக்கொண்டு போனாள், வழக்கமாகச் சாவியைக் கொடுத்து "அக்கா, துளசிக்கு ஒரு சொம்பு" என்பவள், இந்தத் தடவை துளசித் தொட்டியைத் தூக்கிப்போய் முதல் மாடியில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தாள் கோமளம். சாகட்டும் அந்தக் கற்றாழை. சித்திரை வெயில் வராந்தா ஜன்னல் வழியாகச் சாயங்காலம் மூன்று மணி நேரம் அதன் மேல்தான் அடிக்கும், காயட்டும், கருகட்டும், வந்து பார்த்து வயிறு எரியட்டும். தினம் நாலு தடவை கதவைத் திறந்து பார்த்தாள். பார்த்தாள் என்ன பார்த்தாள், கண்ணில் பலம் இருந்தால் எரித்தே இருப்பாள். ஐந்தாம் நாள் மடல் ஓரம் சுருங்கியது. ஆறாம் நாள் ஒரு நுனி காய்ந்து காவி நிறமாகிவிட்டது. அவளுக்கு ஒரே சந்தோஷம், அன்றைக்கு ரவா கேசரிகூடக் கிளறினாள், நெய் ஒரு கரண்டி அதிகம் விட்டு. அப்போதுதான் நாலாம் மாடி ஜெயசீலி மொட்டைமாடிக்கு வற்றல் கொண்டுபோகிறவள் நின்று அண்ணாந்து பார்த்து, "அய்யோ, அவங்க போன ஆறே நாள்ல கருகிருச்சே! அப்ப யாரு கண்ணோ பெரிய கண்ணா இருக்கும் போலயே" என்றாள். சொல்லிவிட்டு இவளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். கேசரி வாயிலேயே நின்றுவிட்டது. அடிப் பாவி மகளே. செடி செத்தால் ஜெயித்தது இவள் இல்லை. செடி செத்தால் இந்திராணி சொன்னது நிஜம். கட்டிவைத்த செடியே கருகியது, வயிற்றில் இருக்கிற பிள்ளை எம்மாத்திரம் என்று நாலு மாடியும் பேசும். அப்புறம் எந்த வீட்டு விசேஷத்துக்கு இவளைக் கூப்பிடுவார்கள்? அந்தக் குழந்தையை, தர்ஷினியின் குழந்தையை, ஒரு தடவையாவது யார் கையில் கொடுப்பார்கள்? அந்தச் சனியன் பிடித்த செடி பிழைத்தால்தான் இவள் பிழைப்பாள்.

அப்புறம் ஆரம்பித்தது சிசுருஷை. பெற்ற தாய்கூட அப்படிப் பார்க்க மாட்டாள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஸ்டூல் போட்டு ஏறி, வேரில் ஒரு தம்ளர் தண்ணீர். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, மறந்துபோச்சோ என்று சந்தேகம் வந்தால் இன்னொன்று. வாடினதுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதானே மனுஷ புத்தி, பசித்தவனுக்குச் சோறு போடுகிற மாதிரி. இந்திராணி வேரைச் சுற்றி மஞ்சள் துணி வைத்து இறுக்கிக் கட்டியிருந்தாள், அந்தத் துணி ஈரத்தைக் குடித்துக்கொண்டு காயவே இல்லை. பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை, கதவைத் திறந்தாள், தரையில் தொப்பென்று கிடந்தது. கயிற்றில் துணி மட்டும் தொங்குகிறது. அடித்தண்டு கூழாகி, ஒரு நாற்றம், குடலைப் பிடுங்கியது. கருகியிருந்தாலாவது வெயில் மேல் பழி போட்டிருக்கலாம், இது இவள் கையால் ஊற்றி ஊற்றி அழுக வைத்தது. கண்ணு மட்டும் இல்லை, கையும் அப்படித்தானோ? தொட்டதெல்லாம் இப்படித்தானோ? தன் வயிற்றில் இரண்டு தடவை தங்கித் தங்கிப் போனதே, அதுவும்? சேச்சே, அதுக்கும் இதுக்கும் என்ன. வாரிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, பினாயில் விட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஸ்டூலை உள்ளே எடுத்துப்போக வந்த சிதம்பரநாதன் "விடும்மா, போதும், தரை தேஞ்சிரும்" என்று கையைப் பிடித்தார்.

நர்சரிக்காரர் சிரித்தார். "தெனம் ஊத்துனீங்களா? கத்தாழைய யாரும் பட்டினி போட்டுக் கொல்ல முடியாதும்மா, தண்ணி ஊத்தித்தான் கொல்லுவாங்க. அத பாத்துக்கறதுன்னா அத சும்மா விடறதுதான். மடல் தொட்டா கெட்டியா இருக்கணும், மெத்துனு ஆச்சுன்னா மட்டும் ரெண்டு தெளி." தொட்டியில் வைப்பதற்கு என்றுதான் சொல்லியிருந்தாள், தலைகீழாகக் கட்டுவதற்கு என்று சொல்லவில்லை. அழுகியதன் அளவுக்கே ஒன்று பார்த்து எடுத்துக்கொண்டாள். மண்ணை உதறி, வேரைக் கழுவாமல், இரண்டு நாள் பால்கனி நிழலில் ஆறப்போட்டாள். அந்த இரண்டு நாளும் எதிர்வீட்டு ஆணி மொட்டையாக இருந்தது, அது யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதே என்று லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலில் போய் நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் வெயிலைப் பற்றிப் பேசினாள். வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு, மடலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, துணியைச் சுற்றாமல் வேரைக் காற்றாட விட்டு, கறுப்புக் கயிற்றால் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாள். கட்டும்போது வாய் தானாகச் சொல்லிவிட்டது, அவள் அம்மா சொல்லி, அம்மாவின் அம்மா சொல்லி வந்ததுதானே, சும்மா இருக்குமா வாய்? ஊரு கண்ணு, உறவு கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு, நல்ல கண்ணு, நொள்ளக் கண்ணு, கண்டவங்க கண்ணு, காணாதவங்க கண்ணு. அவ்வளவுதான் உண்டு. அதற்கு மேல் ஒன்று நாக்கு நுனியில் வந்து நின்றது. எதிர் வீட்டுக் கண்ணு. அதையும் சொல்வதா? சொன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி. சொல்லாவிட்டால், ஒருவேளை, ஒருவேளை நிஜமாகவே இருந்துவிட்டால்? மண்டபத்தில் அந்தப் பிள்ளையின் வயிற்றைப் பார்த்தபோது அடிவயிற்றில் சுருக்கென்று ஒன்று குத்தியதே, அது என்ன? ஆசையா, பொறாமையா? ஒரு நிமிஷம்தான். ஒரு நிமிஷம்கூட இல்லை. அதை யாரும் பார்க்கவில்லை, ஆனால் இவளுக்குத் தெரியுமே. "என்ன கோமு, எறங்கு, காலு கடுக்குது" என்று கீழேயிருந்து சிதம்பரநாதன் சொன்னார். "எதிர் வீட்டுக் கண்ணும்" என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிவிட்டு இறங்கினாள். அவருக்குக் கேட்டிருக்காது.

அது நடந்த ஐந்தாம் நாள் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம், ஆண் குழந்தை, மூன்று கிலோ. யாரும் இவளுக்குப் போன் பண்ணிச் சொல்லவில்லை. முதல் மாடியில் சர்க்கரை கொடுத்தார்கள், ஜெயசீலிக்குக்கூடப் போட்டோ வந்ததாம், ஜெயசீலிதான் காட்டினாள். தர்ஷினியின் மூக்கு. துணிக்குள் பொதிந்து மூக்கு மட்டும் தெரிகிறது, அந்த மூக்கை இவள் எத்தனை தடவை சீந்திவிட்டிருப்பாள். போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினபோதுதான், சாத்தின கதவிலேயே சாய்ந்து நின்றபோதுதான், அது பளிச்சென்று புரிந்தது, சிரிப்பு வந்துவிட்டது. அடியே இந்திராணி. உன் பேரன் பூமியில் விழுந்த அன்றைக்கு உன் நிலைவாசலைக் காத்துக்கொண்டிருந்தது எது? உன் கற்றாழையா? உன்னுடையது குப்பை வண்டியில் போய் ஒரு வாரம் ஆச்சு. நீ கட்டி வைத்திருந்த வரைக்கும் உன் மகள் படுத்த படுக்கை. நான் கட்டியதற்கு அப்புறம்தான் சுகப்பிரசவம். இதைச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? பிள்ளையில்லாதவள் கை பட்டது என்று அவிழ்த்து எறிவாளா? எறிய முடியாது, பேரனைக் காத்ததை எந்தப் பாட்டி எறிவாள், அவளுக்கு அந்தத் தைரியம் கிடையாது. இருக்கட்டும் என்று விட்டுவிடுவாளா? விட்டால் ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் கோமளம் கட்டிய முடிச்சைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. அன்றிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி, இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்துக்கொண்டு, வேரில் இரண்டே இரண்டு அழுத்து. மூன்றாவது அழுத்தக் கை துடிக்கும். கையை அடக்குவாள். மடலைக் கிள்ளிப் பார்ப்பாள், கெட்டியாக இருக்கிறதா, இருக்கிறது. தூசியை ஈரத் துணியால் துடைப்பாள். வளரு, நல்லா வளரு, கொழுத்து வளரு, அவ மூஞ்சில கரியப் பூசற வரைக்கும் வாடிராத என்று அதனிடம் சொல்லுவாள். பகையைப் பச்சைப்பிள்ளை மாதிரி வளர்த்தாள், பாலுக்குப் பதில் பச்சைத் தண்ணீர்.

லிஃப்ட் முனகியது. மணி பத்தாக ஏழு நிமிஷம். கோமளம் வாசலுக்கு ஓடி வந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று வைத்திருந்தாளே, அது எங்கே போச்சு? லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் வந்தது வாசனைதான், பவுடரும் வசம்பும் பாலுமாக ஒரு வாசனை, அதில் ஒரு நொடி எல்லாம் மறந்துபோச்சு, நாற்பத்தொன்பது நாளும் மறந்துபோச்சு, கை தானாக முன்னால் நீண்டுவிட்டது. இந்திராணி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கோமளத்தைப் பார்த்தாள். பார்த்ததும், யோசிக்கவே இல்லை அவள், டவல் நுனியை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். பின்னால் பையோடு வந்த தர்ஷினி அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கோமளம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். சிரிப்பு தானாக வந்தது, பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.

"வா இந்திராணி. பிரயாணம் எல்லாம் சௌகரியமா?"

"இருக்கேன்க்கா" என்று எதையோ சொல்லிக்கொண்டே இந்திராணி சாவியைத் தேடினாள். தேடிக்கொண்டே அண்ணாந்தவள் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா தர்ஷி! நான் கட்டிட்டுப் போனது எப்படி தளதளன்னு இருக்கு பாத்தியா? ஒரு மடல்கூட வாடல. நம்ம வீட்டுக்கு இனிமே ஒண்ணும் வராதுடி."

"அது நீ கட்டினது இல்ல" என்றாள் கோமளம். குரல் தாழ்ந்துதான் இருந்தது, வெயிலைப் பற்றிப் பேசுகிற மாதிரி. "நீ போன பன்னெண்டாம் நாளே உன்னோடது அழுகி விழுந்துருச்சு. இது நான் வாங்கி, நான் மஞ்ச குங்குமம் வெச்சு, என் கையால கட்டினது. உன்னோடதுல மஞ்சத் துணி சுத்தியிருந்துச்சுல்ல? இதுல இருக்கா பாரு. முடிச்சு மூணு. நீ எத்தனை போட்ட?"

இந்திராணி அண்ணாந்து முடிச்சை எண்ணினாள்.

"நான் கட்டி அஞ்சாம் நாள் உன் பேரன் பொறந்தான். தேதிய எண்ணிப் பாத்துக்க. எதிர் வீட்டுக் கண்ணுக்கும் சேத்துத்தான் சொல்லிக் கட்டியிருக்கேன். வேணாம்னா அவுத்துப் போட்டுரு, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

இந்திராணியின் வலது கை மேலே போனது. மடல் நுனிக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டது. அங்கேயே நின்றது. அண்ணாந்து கற்றாழையைப் பார்த்தாள், குனிந்து டவலைப் பார்த்தாள், மறுபடி அண்ணாந்தாள். அந்தக் கை மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் அந்தரத்தில் தொங்கியதைக் கோமளம் நன்றாக, நிதானமாக, கண் கொட்டாமல் பார்த்தாள். இதற்காகத்தான். இதைப் பார்க்கத்தான் அத்தனை வெள்ளிக்கிழமையும். "அம்மா" என்று தர்ஷினி பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள், "ராகு காலம் வந்துரும்மா." கை இறங்கியது. இறங்கிய கை குழந்தையின் டவலைப் போய்ப் பிடித்துக்கொண்டது, ஆனால் இழுத்து மூடவில்லை. மூக்கு தெரிந்தது.

கதவைத் திறந்துகொண்டு மூவரும் உள்ளே போனார்கள். கோமளம் தன் கதவைப் பாதி சாத்தியிருப்பாள், எதிர்க் கதவு மறுபடி திறந்தது. இந்திராணி தலையை மட்டும் நீட்டினாள். பத்து வயசு கூடினாற்போல இருந்தது முகம்.

"அக்கா... இதுக்குத் தண்ணி கிண்ணி ஊத்தணுமா?"

"நீ ஊத்தினா செத்துரும்" என்றாள் கோமளம். "வெள்ளிக்கு வெள்ளி ரெண்டே ரெண்டு தெளி. இன்னைக்கு முறை வருது. ராகு காலம் முடியட்டும், பன்னெண்டரைக்கு நான் வர்றேன்."

இந்திராணி தலையை ஆட்டினாள்.

"புள்ளையத் தர்ஷினிகிட்டக் குடுத்துட்டு வா. நீ வந்து ஸ்டூலப் புடிச்சுக்க."